அழகாக வந்த படம்

பண்டார் ஹிலிர், மலாக்கா
3.8.1952

அன்புள்ள அத்தானுக்கு, கனகாம்பிகை வணக்கத்துடன் எழுதுவது.

வீட்டில் நானும் மாமாவும் சுகம். மாமாவுக்கு முழங்கால் வலி மழை நாளில் மட்டும்தான் வருகிறது. ஆனால் இங்கே தினமும் மழை. உங்கள் கடிதம் கிடைத்தது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகள் சுட்ட லாரிக்காரரின் காலை எடுக்க வேண்டி வந்ததையும், மயக்கம் தெளிந்ததும் அவர் முதலில் லாரியில் இருந்த மாட்டைப் பற்றி விசாரித்ததையும் எழுதியிருந்தீர்கள். மாமா அதைப் படித்துவிட்டு வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். குவாலா லிப்பிஸில் ஆஸ்பத்திரி வேலை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துதானே அனுப்பினோம்? அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இனி என் செய்தி. சிரிக்கக் கூடாது.

போன வாரம் தபால்காரர் வாசலில் நின்று, "டீச்சர், க. நாதன்னு ஒருத்தர் உங்க வீட்டுக்குப் புதுசா குடி வந்திருக்காரா?" என்று கேட்டார். சிங்கப்பூர் வாரப் பத்திரிகைக்கு நான் அனுப்பும் கேலிச் சித்திரங்களின் மூலையில் உங்கள் கதிர்காமநாதனில் கொஞ்சம், என் கனகாம்பிகையில் கொஞ்சம் எடுத்துக் கையெழுத்துப் போடுகிறேனே, அந்த நாதன்! ஆசிரியர் பிச்சைமுத்து "திருவாளர் க. நாதன் அவர்கள்" என்று விளித்து அழைப்பு அனுப்பியிருந்தார். செப்டம்பர் நடுவில் சிங்கப்பூரில் கேலிச் சித்திரக்காரர்கள் எல்லாரும் கூடுகிறார்களாம். சீனப் பத்திரிகை, மலாய்ப் பத்திரிகை, ஆங்கிலப் பத்திரிகை என்று எல்லாவற்றிலிருந்தும் வருகிறார்கள். காலையில் பேச்சு, பகலில் படக் காட்சி, மாலையில் போட்டி. போட்டிக்குத் தலைப்பு அங்கேதான் சொல்வார்களாம். முத்திரை குத்திய ஒரு தாள்தான் தருவார்கள். அதில் தப்பு வந்தால் தப்புதான்.

அழைப்பைப் படித்த நாளிலிருந்து நான் பாதி ஆள்தான் வீட்டில் இருக்கிறேன். மத்தியானம் கண்ணை மூடினால் ஒரு பெரிய மண்டபம் தெரிகிறது. உயரமான ஜன்னல்கள், அவற்றுக்கு அப்பால் கடல், கடலில் நிற்கும் கப்பல்கள். கதவு திறக்கிறது. முதலில் மூக்குகள் வருகின்றன, அப்புறம் தாடைகள், அப்புறம் தொப்பைகள். ஆட்கள் கடைசியில் மெதுவாக வந்து தங்கள் தங்கள் மூக்கின் பின்னால் நின்றுகொள்கிறார்கள். நானும் எனக்கு முன்னால் போய்விட்ட என் நெற்றியைத் தேடிக்கொண்டு போகிறேன். விழித்தால் அடுப்பில் பருப்பு தீய்ந்துகொண்டிருக்கிறது.

மாமாவிடம் சொல்லத்தான் பயந்தேன். பயந்தபடியே ஆயிற்று. "ஆம்பிளையளுக்கு நடுவில போய்ச் சனத்தின்ர முகத்தைக் கோணல்மாணலாக் கீறுறதுக்கோ உன்னை ரீச்சருக்குப் படிப்பிச்சவை?" என்றார். அன்றைக்கு என் கையால் தேநீர் வாங்கிக் குடிக்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் ரயில்வேயில் இருந்த காலத்து நேர அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "தம்பின் ஸ்டேசனுக்கு பஸ். அங்கயிருந்து பகல் ரயில். நானும் வாறன் பிள்ளை. மூண்டாம் வகுப்பில மட்டும் இருக்க மாட்டன்" என்றார். இப்போது அவர் மாலையில் போகும் கிளப்பில் இருக்கிறவர்கள் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் மருமகளுக்குச் சிங்கப்பூர் அழைப்பு வந்த கதையைச் சொல்லியாகிவிட்டது.

காட்சிக்கு ஆறு படங்கள் கொண்டுபோக வேண்டும். மாமாவை ஜன்னலோரம் உட்கார வைத்து ஒன்று வரைந்தேன். "உள்ளதைக் கீறு, கூட்டாதை" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். கூட்டாமல் எப்படி? ஒரு முகத்தில் எது ஒழுங்கில் அடங்கவில்லையோ, அதில்தானே அந்த ஆள் இருக்கிறார்? எல்லாம் ஒழுங்காக இருந்தால் அது பவுடர் டப்பாவில் ஒட்டியிருக்கும் முகம். அதற்குப் பெயர் கிடையாது.

சமையலறைச் சுவரில் பால்காரப் பையனை ஒருமுறை கரியால் வரைந்தேன், நினைவிருக்கிறதா? முனியம்மாவின் மகன் காளிதாஸ். கோப்பைக்குப் பிடி வைத்த மாதிரி நிற்கும் இடது காது, யாரோ வேடிக்கை சொல்வதைக் கேட்பதுபோல ஏறியே இருக்கும் ஒரு புருவம், சிரித்தால் ஒரு பக்கமாக நழுவும் உதடு. மூன்றே கோடு. அவன் பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ டீச்சரம்மா, நானே எதுக்க வந்து நிக்கிறேன்!" என்று சிரித்தான். இப்போது சில வாரங்களாக அவன் வருவதில்லை. குருபோங் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவும் வேலையையும் விட்டுவிட்டானாம். முனியம்மாதான் நடந்து வந்து பால் ஊற்றுகிறாள். கேட்டால், "வேலை தேடிப் போயிருக்கான்மா" என்கிறாள். எங்கே என்று கேட்டால் பாலில் விழுந்த எறும்பை எடுக்கிறாள்.

போகட்டும். நீல நிறச் சேலையா, வெள்ளையில் கருங்கரையா? கருங்கரை என்றால் மை கொட்டினாலும் தெரியாது. உடனே பதில் எழுதுங்கள்.

உங்கள் நினைவில் இருக்கும்,
கனகம்


பண்டார் ஹிலிர், மலாக்கா
27.8.1952

அன்புள்ள அத்தானுக்கு, கனகம் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த காகித நாடாவைப் பார்த்தேன். யாரோ பிரித்துப் படித்துவிட்டு ஒழுங்காக ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். படிப்பவருக்கும் என் வணக்கம். மறைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

கருங்கரைச் சேலையே கட்டச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியே செய்கிறேன். பேனா முள்கள் புதிதாக வாங்கினேன். மாமாவின் கோட்டைச் சலவைக்குப் போட்டாகிவிட்டது.

ஒரு செய்தி. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை பின்னேரம் இன்ஸ்பெக்டர் சாமிநாதன் வீட்டுக்கு வந்திருந்தார். மரியாதையான மனிதர். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நான் படம் வரைவது அவருக்குக் கிளப்பில் தெரியவந்ததாம். முனியம்மாவின் மகன் காளிதாஸ் காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கொண்டுபோனான் என்றும், இப்போது அவர்களோடே போய்விட்டான் என்றும் சொன்னார். அடையாள அட்டைக்கு எடுத்த படம் அலுவலகத்தில் கறையான் அரித்துப் போயிற்றாம். "நீங்க தினமும் பார்த்த முகம். ஞாபகத்திலேர்ந்து வரைஞ்சு குடுத்தாப் போதும் லா. உங்க வீட்டுக்காரரும் கவர்மெண்ட்ல இருக்கிறவர், நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை" என்றார். நான் சரி என்றேன்.

அதற்கு எனக்குப் பல நாட்கள் பிடித்தன. இத்தனை கவனமாக நான் எந்தப் படமும் வரைந்ததில்லை. அளவுகோல் வைத்து வரைந்தேன். இரண்டு காதுகளும் ஒரே மாதிரி, இரண்டு புருவங்களும் ஒரே உயரம், வாய் நேர்க்கோடு. நிழலெல்லாம் மெல்லிய கோடுகளால் நெருக்கமாகப் போட்டேன். இன்ஸ்பெக்டர் தாளைக் கையில் தூக்கிப் பார்த்து, "ரொம்ப அழகா வந்திருக்கு, மேடம்" என்றார். வாசல் வரைக்கும் போய், திரும்பி இன்னொரு தடவையும் சொன்னார்.

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள், அத்தான். அழகாக வந்திருக்கிறது என்றார்.

வேறு விசேஷம் இல்லை. சமையலறைச் சுவர் கரி பிடித்துக் கிடந்தது. அதற்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். மாமா அந்தப் பக்கம் வந்து வெள்ளைச் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

மழை விட்டிருக்கிறது. இரவில் கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.

உங்கள்,
கனகம்


சிங்கப்பூர்
15.9.1952

என் அன்புள்ள அத்தானுக்கு,

இது தபாலில் வரவில்லை. நாங்கள் மாமாவின் பழைய ரயில்வே சிநேகிதர் வீட்டில் தங்கியிருக்கிறோம். அவர் மகள் ஜெயா நர்ஸ். உங்கள் ஆஸ்பத்திரிக்கே மாற்றல் கிடைத்து நாளை புறப்படுகிறாள். இதை அவள் உங்கள் கையில்தான் கொடுப்பாள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுதச் சொன்னவர் மாமா.

உங்களுக்கு ஏற்கெனவே புரிந்திருக்கும். இன்ஸ்பெக்டருக்கு நான் கொடுத்தது காளிதாஸ் இல்லை. கண், மூக்கு, வாய் எல்லாம் அவனுடையவைதான். ஒன்றிலும் பொய் கிடையாது. அவனை மட்டும் எடுத்துவிட்டேன்.

நீங்கள் அங்கே அவர்கள் சுட்ட ஆட்களுக்குக் கட்டுப் போடுகிறீர்கள். அந்த லாரிக்காரரின் கால் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அளவுகோலை வைக்கும் ஒவ்வொரு முறையும் அவரை நினைத்தேன். காளிதாஸ் அரிசி கொண்டுபோனானா, எனக்குத் தெரியாது. துப்பாக்கி எடுத்தானா, அதுவும் தெரியாது. பிடிபட்டால் அவனை என்ன செய்வார்கள் என்பது மட்டும் தெரியும். அவன் முகத்தை என்னிடம் யாரும் கொடுத்து வைக்கவில்லை. நான் சிரித்துக்கொண்டே பார்த்து எடுத்துக்கொண்டது அது. அதை ஒரு கயிறாகத் திரித்துக் கொடுக்க என்னால் முடியவில்லை. உங்களுக்குக் கோபம் வரலாம். வந்தால் அது நியாயம்தான்.

படத்தைக் கொடுத்த மறுநாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தங்கா பத்து கடற்கரைக்கு அழைத்துப்போயிருந்தோம். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. ஈர மணல் சாம்பல் நிறத் தாள் மாதிரி விரிந்து கிடந்தது. வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் கோடே இல்லை. பிள்ளைகள் நண்டு பிடிக்க ஓடிப்போனார்கள். நான் ஒரு குச்சியை எடுத்து அந்தக் காதைப் போட்டேன், அந்தப் புருவத்தைப் போட்டேன், உதட்டை நழுவவிட்டேன். அவன் மணலிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். பக்கத்தில் உட்கார்ந்து கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அலை மெதுவாகத்தான் வந்தது. முதலில் தாடையைத் தொட்டது, பிறகு சிரிப்பை. கடைசியாக அந்தக் காது மட்டும் கொஞ்ச நேரம் தண்ணீருக்கடியில் தெரிந்தது. என் மனசில் இருந்த பாரமும் அதோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சுவரொட்டி பஸ் நிலையத்தில் ஒட்டப்பட்டது. கீழே மூன்று மொழிகளில் வெகுமதித் தொகை போட்டிருந்தது. மார்க்கெட்டிலிருந்து வரும்போது முனியம்மா அதன் முன்னால் நிற்பதைப் பார்த்தேன். என்னால் கடந்து போக முடியவில்லை, அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "யாரு பெத்த புள்ளையோ டீச்சரம்மா, மூக்கும் முழியுமா இருக்கான்" என்றாள். அவள் குரலில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. உண்மையிலேயே அடையாளம் தெரியாமல் சொன்னாளா, தெரிந்துதான் சொன்னாளா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் கொட்டாவி விட்டார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடந்துபோய்விட்டாள். அவனைப் பற்றி இதுவரை ஒரு செய்தியும் இல்லை.

தம்பினிலிருந்து ரயில் ஏறினோம். எங்கள் ரயிலுக்கு முன்னால் ஒரு தனி இஞ்சின் ஓடிற்று. தண்டவாளத்தை யாராவது பெயர்த்திருந்தால் அது முதலில் விழுமாம். மாமா அதை ஏதோ மேளதாளம் முன்னே போகிற மாதிரி பெருமையாக விளக்கினார். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அவை எல்லாம் ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தது போலத் தெரிந்தன.

மண்டபம் என் கனவில் வந்த மாதிரி இல்லை, சின்னது. ஆனால் ஜன்னலுக்கு அப்பால் நிஜமாகவே கடல் இருந்தது, கப்பல்களும் இருந்தன. ஆசிரியர் பிச்சைமுத்து வாசலில் நின்று மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாங்க நாதன், வாங்க!" என்றார். மாமா நிமிர்ந்து நின்று, "நாதன் நான் இல்லை. இவதான், என்ர மருமகள்" என்றார். அவர் வாயைத் திறந்தபடி நின்ற அந்த ஒரு நிமிஷத்தை நான் மனசில் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு சீனக் கிழவர் என் ஆறு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, மாமாவின் படத்துக்கு வந்ததும் சபையில் இருந்த மாமாவைத் தேடிக் கண்டுபிடித்து, குனிந்து வணக்கம் சொன்னார். மொழி தெரியாமலே எல்லாரும் ஒருவர் படத்தைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். அத்தான், அந்தப் பகல் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. இப்படி ஒரு நாடு எங்கோ இருக்கிறது, அங்கே நானும் ஒரு குடிமகள் என்று தோன்றிற்று.

மாலையில் போட்டி. தலைப்பை மேடையில் வாசித்தார்கள். நீங்கள் தினமும் பார்த்த ஒரு முகம், நினைவிலிருந்து.

மாமாவைத்தான் வரையப் போனேன், சத்தியமாக. அந்தக் கோட்டையும் மூக்குக் கண்ணாடியையும் கண்ணை மூடிக்கொண்டே போடுவேனே. பேனாவை மையில் தோய்த்தேன். கை வேறு எங்கோ போயிற்று. முதல் கோட்டிலேயே அந்தக் காது வந்து நின்றது. நான் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. தூக்கத்தில் நடப்பவள் மாதிரி புருவத்தை ஏற்றினேன், கழுத்தை வளைத்தேன், உதட்டை ஒரு பக்கம் நழுவவிட்டேன். தோளில் பால் பாத்திரத்தின் கனம் தெரிந்தது. என் வாழ்நாளில் நான் வரைந்த படங்களில் அதுதான் படம். அவன் தாளை விட்டு எழுந்து பேசியிருப்பான்.

அப்போது பத்திரிகைக்காரர் ஒருவர் காமிராவோடு எங்கள் வரிசைக்கு வந்தார். எல்லாத் தாள்களையும் சுவரில் தொங்கவிடுவார்கள், பரிசு பெற்றதை அச்சில் போடுவார்கள் என்பது எனக்கு அந்தக் கணம்தான் உறைத்தது. அது மலாக்காவுக்கு வரும். கிளப்புக்கு வரும்.

மை புட்டியைக் கவிழ்த்தேன்.

கை பட்டுக் கவிழ்ந்தது போலத்தான் இருந்திருக்கும். மை காதைச் சுற்றி நின்று, பிறகு உள்ளே இறங்கிற்று. முகம் முழுவதும் மூடும்வரை தாளைச் சாய்த்துப் பிடித்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் அவசரமாக ஒற்றுத்தாள் கொடுத்தார், வேண்டாம் என்றேன். வேறு தாள் தர விதி இல்லை. பிச்சைமுத்து வந்து, "பரவாயில்லைம்மா, முதல் தடவை கை நடுங்கத்தான் செய்யும்" என்று ஆறுதல் சொன்னார். ஆமாம் என்றேன். பரிசு ஜொகூர்க்காரர் ஒருவருக்குக் கிடைத்தது. தன் மாமியாரை வரைந்திருந்தார். நன்றாகத்தான் இருந்தது. நானும் கை தட்டினேன்.

வெளியே வந்து கடற்கரையோரம் நடந்தோம். மாமா கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் உனக்குப் பின்னாலதான் நிண்டனான் பிள்ளை. அந்தக் காதைக் கண்டனான்." அவர் மேலும் கொஞ்ச தூரம் நடந்து, "இண்டைக்கு அந்த மண்டபத்தில அதைவிட நல்லா ஒருத்தரும் கீறேல்லை" என்றார். அப்புறம், "கிளப்பில வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்க வேணும் நான். மகனுக்கு எல்லாத்தையும் எழுது. அவன் உன்னோட கோவிச்சால் என்னோடையும் கோவிக்கட்டும்" என்றார். நான் அழுதேன். சேலையின் கருங்கரையில் மையும் கண்ணீரும் ஒன்றும் தெரியவில்லை. மாமா ஒரு பெட்டிக்கடையில் எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தார், பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி.

நாளை மறுநாள் வீடு திரும்புகிறோம். பிச்சைமுத்து தொடர்ந்து படம் அனுப்பச் சொல்லியிருக்கிறார். இனி என் முழுப் பெயரையே போடுவாராம்.

அத்தான், ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படித்து என்ன நினைத்தாலும் அதைக் கடிதத்தில் எழுதாதீர்கள். தீபாவளிக்கு விடுப்புக் கேளுங்கள். உங்கள் பெரிய டாக்டர் முடியாது என்றால் மறுபடியும் கேளுங்கள். கோபத்தோடு வந்தாலும் சரி, வந்துவிடுங்கள். நேற்று இரவு கண்ணை மூடி உங்கள் முகத்தை மனசுக்குள் வரைந்து பார்த்தேன். கண் வந்தது, நெற்றி வந்தது, எல்லாம் ஒழுங்காக, அழகாக வந்தது. பயந்து எழுந்துவிட்டேன்.

நினைவிலிருந்து முகம் வரைவது எனக்குப் போதும். நீங்கள் வந்து என் எதிரில் நாற்காலி போட்டு உட்காருங்கள். அசையலாம், பேசலாம், திட்டலாம். நான் பார்த்து வரைந்துகொள்கிறேன்.

நீங்கள் வருகிற சாலையெல்லாம் முருகன் முன்னால் நடக்கட்டும்.

உங்கள்,
கனகம்